மகள் வாசிக்கும்போது எழுந்து போனவன்

சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், கையில் காப்பி டம்ளரோடு நிற்கிறேன். சாயங்கால வெயில் இன்னும் சுடுகிறது. எதிரே பெரிய மைதானம், அதைத் தாண்டிப் பள்ளிக்கூடத்து ஹால். அந்த ஹாலுக்குள் என் மகள் மலர்விழி கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறாள். நான் காப்பியை ஆற்றிக்கொண்டே, பக்கத்தில் நின்ற நண்பர் கணேசமூர்த்தியிடம், "டிகாஷன் கொஞ்சம் தண்ணியா இருக்குல்ல?" என்று கேட்கிறேன்.

நான் செய்த முட்டாள்தனங்களை வாரம் ஒன்றாக இந்தத் தொடரில் எழுதிவருகிறேன். பஸ் மாறி ஏறி, வேறு ஊரில் பெண் பார்க்கப் போன கதைக்கு விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரமும் சிரிக்கலாம். எனக்கே பாதிவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

நாற்பது நிமிஷம்

மலருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனி, ஞாயிறில் கிட்டார். ஒன்பதாம் வகுப்பில் அவள் கிட்டார் கேட்டபோது நான் வீணை வாங்கிக் கொடுத்தேன். தஞ்சாவூரில் இருந்துகொண்டு மகள் கையில் கிட்டார் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது என் கவலை. அந்த வீணை இன்றும் எங்கள் பீரோ மேல் போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் அவளே தனக்கு ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. நான் ஒரு முறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. லீவுக்கு வந்தால் மாடியில் வாசிப்பாள். கீழே நான் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் சத்தம் கூடினால் டிவி சத்தத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள்வேன்.

ஒரு கோடையில் போன் செய்தாள்.

"அப்பா, நானும் ஸ்டெல்லாவும் நம்ம ஊர்ல ஒரு தடவை வாசிக்கலாம்னு இருக்கோம். அவ பியானோ, நான் கிட்டார். ஜாஸ்."

ஸ்டெல்லா நாகப்பட்டினத்துப் பெண். சர்ச்சில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவள். மலரோடு ஒரே கம்பெனி, ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

"ஜாஸுன்னா, ஆடுவாங்களே அதுவாம்மா?"

"இல்லப்பா. ஒரு சின்ன மெட்டு இருக்கும். அதை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அப்பவே கற்பனை பண்ணி வாசிப்போம். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற மாதிரி."

"சரி, யாரு மெயின், யாரு பக்கவாத்தியம்?"

"அப்படில்லாம் இல்லப்பா."

அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பியானோவைத் தூக்க ஆறு ஆள் வேண்டும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இதில் எது மெயின் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போனை வைக்கும் முன்பு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "மொத்தம் நாற்பது நிமிஷம்தான்பா. ஒரே ஒரு தடவை நான் வாசிக்கிறதை முழுசா உட்கார்ந்து கேளுங்க. அது போதும். அப்புறம் கேக்க மாட்டேன்."

"இதென்னம்மா பெரிய விஷயம். ஆலாபனையையே ஒரு மணி நேரம் அசையாம கேக்குற ஆளு நான்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ரசிகன் ஆன கதை

இந்த இடத்தில் என் ரசிகப் பட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் என்னைப் படிக்கவைத்தார்கள். நான் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, ஆறு, வாய்க்கால், மதகு என்று தண்ணீரைத் திறந்தும் மூடியும் ஓய்வு பெற்றவன். சங்கீதம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாண வீட்டு நாதஸ்வரம் ஒலிபெருக்கி வழியாக வயல்வரை வந்ததுதான்.

தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், மேலதிகாரி ஒருவர் தான் போக முடியாத கச்சேரிக்கு என்னிடம் பாஸ் கொடுத்தார். சட்டைப் பையில் பாஸ் இருந்தும், யாராவது வந்து "நீங்க யாரு, எந்திரிங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரமும் நான் பாட்டைக் கேட்கவில்லை, கேட்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது தொடையில் தட்டுகிறார்கள், எப்போது கண்ணை மூடுகிறார்கள், எப்போது "பலே" என்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்தே படித்த படிப்பு இது. அதில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. கச்சேரியின் பெரிய உருப்படி முடிந்ததும் பாட்டுக்காரர் ஓய்ந்துவிடுவார். மிருதங்கக்காரர் மட்டும் தனியாக வாசிப்பார். அதற்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர், சுருக்கமாகத் தனி. தனி ஆரம்பித்ததும் பாதி ஹால் எழுந்து காப்பிக்குப் போய்விடும்.

கணேசமூர்த்தி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சங்கீத சபாவில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர். "மெயின் ஓய்ஞ்சா நாமளும் ஓயணும் சார்" என்று எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பாவம், இத்தனை வருஷத்தில் எத்தனை மிருதங்கக்காரர்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசித்திருப்பார்களோ தெரியவில்லை.

ஆகமொத்தம், எனக்கு ரசிக்கத் தெரியாது. ரசிக்கிறவன் மாதிரி உட்காரத் தெரியும், அவன் மாதிரி எழுந்து போகவும் தெரியும். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டே எங்கள் சபாவுக்குச் செயலாளரும் ஆகிவிட்டேன்.

தனி வந்துவிட்டது

மலர் கச்சேரியின் ஏற்பாடு மொத்தத்தையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். பியானோ உள்ள ஒரு பள்ளிக்கூடத்தைப் பிடித்தேன். அதற்குச் சுருதி சேர்க்கத் திருச்சியிலிருந்து ஆள் கூட்டிவந்தேன். சபாவிலிருந்து பதினான்கு பேரைத் திரட்டி முன்வரிசையில் உட்காரவைத்தேன். பின்னால் மாணவர்களும் சில பெற்றோர்களும் இருந்தார்கள். சைக்கிள் கொட்டகை ஓரத்தில் காப்பிக்கும் ஆள் போட்டேன்.

மலர் அந்தப் பாய்லரைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குப்பா, நாற்பது நிமிஷம்தானே?" என்றாள்.

"காப்பி இல்லாம ஒரு கச்சேரியா? அதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ போய் வாசி."

ஸ்டெல்லா ஆரம்பித்தாள். மெதுவாக, யோசித்து யோசித்து, ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து வைத்தாள். பிறகு மலர் வந்து சேர்ந்தாள். நான் சும்மா இருப்பேனா, தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தேன், பளார் பளார் என்று. என் அடி விழுந்த இடத்தில் அவர்களுடையது விழவில்லை. அவர்களுடையது விழுந்த இடத்தில் நான் விரலை எண்ணிக்கொண்டிருந்தேன். மலர் ஒரு முறை என் கையைப் பார்த்தாள். அப்பா தாளம் போடுகிறார் என்று பெருமைப்படுகிறாள்போல என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.

பதினேழு பதினெட்டு நிமிஷம் போயிருக்கும். பியானோ மெல்ல மெல்லக் குறைந்தது. ஸ்டெல்லாவின் வலது கை நின்றுவிட்டது, இடது கை மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு விட்டது. கிட்டார் தனியாகக் கிளம்பியது.

என் உடம்பு எழுந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுந்திருக்கவில்லை, உடம்புதான் எழுந்தது. மூளை சுதாரிப்பதற்குள் கால் செருப்பைத் தேடிப் போட்டுவிட்டது. கணேசமூர்த்தியைப் பார்த்துக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டினேன். செயலாளரே எழுந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா, பதினான்கு பேரும் எழுந்தார்கள்.

என் மனைவி வசந்தா சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "எங்க போறீங்க?"

"தனி வந்துருச்சு" என்று கிசுகிசுத்துவிட்டு நடந்தேன்.

நாங்கள் காப்பி குடித்து, டிகாஷனைக் குறை சொல்லி, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசிவிட்டுத் திரும்பியபோது இரண்டு வாத்தியமும் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தன. சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்ற திருப்தியோடு உட்கார்ந்து "பலே" என்றேன்.

அதோடு விட்டேனா, நன்றியுரையும் நான்தான். "இன்று பியானோ வாசித்த ஸ்டெல்லா அவர்களுக்கும், அவருக்குப் பக்கபலமாகக் கிட்டார் வாசித்த செல்வி மலர்விழிக்கும்" என்று ஆரம்பித்து, ஸ்டெல்லாவுக்குப் பெரிய ஜரிகைச் சால்வையும், பக்கவாத்தியத்துக்கு வழக்கமாகத் தருகிற சின்னச் சால்வையை மலருக்கும் போர்த்தினேன். ஸ்டெல்லா தன்னுடையதைக் கழற்றி மலரின் தோளில் போட்டாள். நான் மைக்கில், "பாத்தீங்களா, மெயின் ஆர்ட்டிஸ்டுக்கு என்ன பெருந்தன்மை" என்றேன்.

பேச்சு நின்றது

அன்று மலர் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு பேரும் எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வசந்தா அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்திருந்தாள்.

"நாங்க நாகப்பட்டினம் கிளம்புறோம்பா."

"சாப்பிட்டுட்டுப் போம்மா."

"பசிக்கல."

கிட்டாரைக் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். தெரியாத ஊரில் வழி கேட்டு, தெரியாது என்று பதில் வந்தால் சரி என்று நகர்வோமே, அப்படிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா ஆரம்பித்தாள். "அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ராத்திரி பூரா நின்னீங்களே. அவ வாசிக்கறப்ப நாற்பது நிமிஷம் உட்கார முடியலையா உங்களுக்கு?"

"பழக்கதோஷம் வசந்தா."

"நல்ல பழக்கம்."

அதற்குப் பிறகு மலர் என்னோடு பேசவில்லை. சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவள் இல்லை அவள். வசந்தாவுக்குப் போன் வரும். "அப்பா மாத்திரை சாப்பிட்டாரா?" என்று விசாரிப்பாள். நான் போனை வாங்கினால் ஏதோ மீட்டிங் வந்துவிடும். இரண்டு மாதம் இப்படிப் போனது. அப்புறம் கேக்க மாட்டேன் என்று அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் பயம் தர ஆரம்பித்தது.

ஆற்றங்கரை ரசிகன்

அன்றைய வாசிப்பை ஸ்டெல்லா பியானோ மேல் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பதிவு செய்திருந்தாள். அதை வசந்தாவுக்கு அனுப்பியிருந்தாள், எனக்கு இல்லை. வசந்தா குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலிருந்து என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். அரசு ஊழியனாக இருந்தபோதுகூட நான் செய்யாத திருட்டு அது.

அப்போது எங்கள் ஊர் வழியாக ஓடும் புது ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். தினமும் காலையில் கரையோரம் நடக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. ராகமும் பிடிபடவில்லை, எங்கே தலையை ஆட்டுவது என்றும் தெரியவில்லை. பார்த்து ஆட்டுவதற்குப் பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. வேறு வழியில்லாமல் காதால் கேட்க ஆரம்பித்தேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, கம்பி மேல் விரல் நழுவும் சின்னச் சரசரப்பு கேட்டது. அதற்கும் கீழே இன்னொன்று கேட்டது. மலர் வாசித்துக்கொண்டே முனகுகிறாள். விரல் போகும் இடத்துக்கெல்லாம் அவள் குரலும் கூடவே போகிறது. சின்ன வயதில் சாப்பிடும்போது இப்படித்தான் முனகுவாள், நான் தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்று அதட்டியிருக்கிறேன். எனக்கு அன்றைக்கு மேலே நடக்க முடியவில்லை, மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டது. கிட்டார் ஒரு வரி சொன்னால் பியானோ அதை அப்படியே திருப்பிச் சொல்வதில்லை, "அப்படியா, அப்புறம்?" என்கிறது. பியானோ மேலே போனால் கிட்டார் கீழே போய் நின்றுகொள்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசும்போதும் ஒன்றின் பேச்சை ஒன்று வெட்டுவதில்லை. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடந்ததே கிடையாது.

ஆனால் என்னைச் சொக்கவைத்தது ஒரே ஒரு இடம். கிட்டார் தனியாகக் கிளம்பி ஏழெட்டு வரி போகும். சட்டென்று நின்றுவிடும். ஒன்றுமே இருக்காது. பிறகு பியானோ இரண்டே ஸ்வரங்களை மெதுவாக வைக்கும். மறுபடி அதே இரண்டு. மறுபடியும் அதே இரண்டு. நாலாவது முறை அடிக்கம்பியிலிருந்து கிட்டார் தயங்கித் தயங்கி வெளியே வரும். வந்து, முன்பு போகாத எங்கெங்கோ போகும். அந்த மௌனம் வரும்போதெல்லாம் ஆற்றங்கரையில் நின்று வாய்விட்டே "பலே" என்றேன். மாடு ஓட்டிப் போனவர் திரும்பிப் பார்த்தார்.

பதினோராவது முறை பலே சொன்ன பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன்.

"ஸ்டெல்லாம்மா, எனக்கு இப்பத்தான் பிடிபட்டுச்சு. இது முறைப்பாசனம் மாதிரி. ஒரு வாய்க்கால்ல தண்ணி விட்டா இன்னொண்ணை மூடிடுவோம். அப்புறம் மாத்தி விடுவோம். சரிதானே?"

அவள் சிரித்தாள். "நாங்க மூடுறதில்ல அங்கிள். அவ பேசறப்ப நான் கேட்டுக்கிட்டே கூட இருக்கேன். அவ்வளவுதான்."

"சரி, அது இருக்கட்டும். அந்த ஒரு இடம் இருக்கு பாரு. கிட்டார் சட்டுன்னு நிறுத்தி, நீ ரெண்டே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் போடுறியே. அந்த மௌனம் என்ன ஒரு கற்பனைம்மா. எப்படி யோசிச்சீங்க அதை?"

சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அங்கிள், அது யோசிச்சது இல்ல" என்றாள். "அப்பத்தான் நீங்க எல்லாரும் வெளிய போனீங்க. மலர் நிமிர்ந்து பார்த்தா, முன்வரிசையில ஆன்ட்டி மட்டும் உட்கார்ந்திருந்தாங்க. அவளுக்குக் கை ஓடல. அவ திரும்ப வர்ற வரைக்கும் நான் அந்த ரெண்டு நோட்டையே வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"நான் அங்கதானே இருந்தேன்" என்றாள் அவள்.

என் மகள் வாசிக்க முடியாமல் நின்ற இடத்துக்குத்தான் பதினோரு தடவை பலே சொல்லியிருக்கிறேன். நான் எத்தனையோ பேரிடம் அசடு வழிந்திருக்கிறேன், அதையெல்லாம் இங்கே எழுதியும் இருக்கிறேன். இப்படி நெஞ்சு வலித்ததில்லை.

சொல்லாமல் வாங்க

வசந்தா போனிலிருந்து மலரைக் கூப்பிட்டேன். "அம்மா இல்ல, நான்தான். வச்சிராத" என்றேன். திருடியதிலிருந்து பலேவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த இடத்துக்கா பலேன்னீங்க?"

"ஆமாம்மா."

"பதினோரு தடவையுமா?"

"ஆமா."

சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆனது. நான் "மன்னிச்சிரு மலர்" என்றேன். எங்கள் வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"உண்மையைச் சொல்லட்டுமாப்பா? அதுக்கப்புறம் வாசிச்சதுதான் நான் நல்லா வாசிச்சது. அதுவரைக்கும் உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வாசிச்சேன். நீங்க போயிட்டீங்கன்னு தெரிஞ்சதும், இனிமே பயப்பட ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சு."

"மறுபடி எங்க வாசிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"இங்க ஒரு புத்தகக் கடை மாடியில மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வாசிக்கிறோம்."

"வரட்டுமா?"

யோசித்தாள். "வர்றதுன்னா சொல்லாம வாங்கப்பா. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா என்னால வாசிக்க முடியாது. வந்துட்டுப் போனதையும் உடனே சொல்லாதீங்க."

வசந்தாவிடம் நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். வழுக்கையை மறைக்கத் தலையில் ஒரு தொப்பி. கடையின் மாடியில் ஒரு புத்தக அலமாரிக்குப் பின்னால் ஸ்டூல் கிடைத்தது. அங்கிருந்து மலரின் வலது முழங்கை மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன், இல்லாவிட்டால் தாளம் போட்டுவிடும்.

அந்த இடம் வந்தது. பியானோ குறைந்தது, கிட்டார் தனியாகக் கிளம்பியது. என் கால் லேசாக அசைந்தது, அடக்கினேன். ஏழெட்டு வரி போனது. மலர் நிற்கவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தாள். அந்த மௌனம் வரவில்லையே என்று எனக்கு ஒரு கணம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என்னை மாதிரி ரசிகனைக் கட்டித்தான் வைக்க வேண்டும். பிறகு அவள் முனகுவது கேட்டது, காதில் எதையும் மாட்டாமலே.

கைதட்டல் ஓய்வதற்குள் படியிறங்கி ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்துவிட்டேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. வசந்தா வாராவாரம் இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்புகிறாள் என்பது எனக்குத் தெரியும். இதையும் அனுப்புவாள்.

மலர், அன்றைக்கு அந்த அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். முழுசாகக் கேட்டேன் அம்மா.